இன்னும் ஒரு வார்த்தை, ஆண்டவரே

அந்த வீட்டில் கணவனும் மனைவியும் பேச்சை நிறுத்திப் பன்னிரண்டு நாளாகியிருந்தது. ஜெபத்தை மட்டும் நிறுத்தவில்லை. கோபம் வந்தால் சாப்பிடாமல் படுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குக் கிளம்புகிறவர்களையும் பார்த்திருக்கிறோம். இவர்கள் அந்த ரகம் இல்லை. மாலை ஏழரை மணி ஆனால், முகத்தை எவ்வளவு தூக்கி வைத்திருந்தாலும், கூடத்தில் பாயை விரித்து எதிரும் புதிருமாக உட்கார்ந்துவிடுவார்கள். கல்யாணமான இருபத்தெட்டு வருடத்தில் காய்ச்சல் வந்த நாளில்கூடத் தவறாத குடும்ப ஜெபம் அது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கும் உயரமான கட்டடங்களில் பாதியின் வயிற்றுக்குள் அவர் போய் வந்திருக்கிறார். மூன்று மாடிக்குக் கீழே நின்று காதைக் கொடுத்தாலே, மேலே மோட்டார் அறையில் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். இவ்வளவு பேரை ஏற்றி இறக்கிய மனிதர் குடியிருந்தது மூன்றாம் மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில். தினமும் ஐம்பத்து நான்கு படி. பேச்சில் ஆள் கொஞ்சம் சிக்கனம். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் கேட்டவர் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடலாம்.

மனைவி அதற்கு நேர்மாறு. பல் டாக்டரின் கிளினிக்கில் முன்மேசை வேலை. பல்வலியோடு வருகிறவர்கள், டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அந்த அம்மாளின் பேச்சில் பாதி குணமாகிவிடுவார்கள். காலையிலிருந்து சாயந்திரம் வரை ஊரோடு பேசிவிட்டு வீட்டுக்கு வந்து மிச்சத்தைப் பேசுகிறவர். அப்படிப்பட்டவர் பன்னிரண்டு நாளாக வாய்க்குப் பூட்டுப் போட்டிருந்தார் என்றால், அந்த வீட்டில் எவ்வளவு பெரிய காரியம் நடந்திருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நடந்தது இதுதான். ஒரே மகன். கல்யாணமாகி ஐந்து வருடம் குழந்தை இல்லாமல், இருவரும் முழங்காலில் நின்று கேட்டு வாங்கிய பிள்ளை. "நீ ஜெபத்துல பொறந்த பிள்ளை" என்று அவனிடம் அவர் சொல்லாத பிறந்தநாள் இல்லை. இப்போது இருபத்து மூன்று வயது. வண்ண மீன் விற்கும் கடையில் வேலை. குடும்ப ஜெபத்தில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் அம்மா சத்தமாக ஜெபம் பண்ணுவாள், பிறகு மகன், கடைசியில் அப்பா. ஒருவர் பண்ணும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது. முடிந்ததும் மற்ற இருவரும் ஆமென் சொல்ல வேண்டும்.

அன்று அம்மா முடித்தாள். மகனின் முறை வந்தது. சத்தம் இல்லை. தூங்கிவிட்டானோ என்று மெக்கானிக் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். அவன் விழித்துக்கொண்டுதான் இருந்தான். பாயின் ஓரத்து இழையை விரலால் நிமிண்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, ஜெபம் பண்ணு."

"வரலைப்பா."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. எனக்கு நம்பிக்கை இல்லப்பா. ஒரு வருஷமா இல்ல. தினமும் ஏதோ ஒப்பிச்சுக்கிட்டிருந்தேன். உங்களை ஏமாத்தற மாதிரி இருக்கு. இனிமேல் என்னால முடியாது."

மெக்கானிக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "நம்பிக்கை இல்லாதவன் ஜெபத்துல உக்காரக் கூடாது" என்றார்.

அவன் அப்பாவை நிமிர்ந்து பார்த்தான். குரலை உயர்த்தாமல், "அப்ப வீட்லயும் இருக்கக் கூடாதாப்பா?" என்று கேட்டான்.

அவர் பதில் சொல்லவில்லை. பதில் இல்லாமல் இல்லை. தொண்டைக்கும் வாய்க்கும் நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டது. எதையும் காது கொடுத்துக் கேட்டு, யோசித்து, பிறகுதான் கை வைக்கிற மனிதர் அவர். மெஷின் அதுவரை காத்திருக்கும். பிள்ளை எவ்வளவு நேரம் காத்திருப்பான்? ஒரு மனிதன் கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு காத்திருக்கலாமோ அவ்வளவு காத்திருந்தான். பிறகு எழுந்து போய் நாலு சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு வந்தான். வாசலில் ஒரு முறை திரும்பிப் பார்த்தான். அப்பா தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா இரண்டாம் மாடி வரைக்கும் பின்னாலேயே ஓடினாள். தனியாகத் திரும்பி வந்தாள். மூச்சு வாங்கக் கதவில் சாய்ந்துகொண்டு அவரையே பார்த்தாள்.

"நான் போடான்னு சொல்லலையே" என்றார் மெக்கானிக்.

"போகாதேன்னும் சொல்லலையே."

அதுதான் அவள் கடைசியாக அவரோடு பேசியது. மகன் கடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில், இன்னொரு வேலையாளோடு தங்கிக்கொண்டான்.

மறுநாள் ஏழரை மணிக்கு அவர் பாயை விரித்தார். அவள் வருவாளோ மாட்டாளோ என்று இருந்தது. வந்தாள். கண்ணை மூடினாள். "அன்பின் ஆண்டவரே" என்று ஆரம்பித்தாள். நாள் முழுக்க ஒரு சொல்கூடக் கேட்காத அவள் குரலைக் கேட்டதும் அவருக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. ஆனால் கொஞ்ச நேரத்தில், அந்த ஜெபம் ஆண்டவரிடம் போகிற வழியில் தன் கதவையும் ஒரு முறை தட்டிவிட்டுப் போகிறது என்பது புரிந்தது.

"ஆண்டவரே, சமையலறைக் குழாய் மூணு நாளா ஒழுகுது. ஊர்ல உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிற கைகளுக்குச் சொந்த வீட்டுக் குழாயையும் நினைப்பூட்டும். ஞாயித்துக்கிழமை சபையில, பிள்ளை எங்கேன்னு நாலு பேர் கேப்பாங்க. அதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு பதில் சொல்லத் தெரியாதவங்களுக்குச் சொல்லிக்கொடும்."

ஆமென் சொல்வதா வேண்டாமா என்று அவருக்கே சந்தேகமாகிவிட்டது. சொன்னார். மறுநாள் காலையில் குழாயைக் கழற்றி வாஷரை மாற்றினார். சாயந்திர ஜெபத்தில், "குழாயைச் சரிபண்ண நீர் கொடுத்த பெலத்துக்காக ஸ்தோத்திரம், ஆண்டவரே" என்று மறக்காமல் சேர்த்துக்கொண்டார்.

இப்படியே அந்த வீட்டுக் காரியங்கள் எல்லாம் பரலோகத்தைச் சுற்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்தன. சாவி எங்கே இருக்கிறது, சனிக்கிழமை அவர் ஓவர்டைம் போகிறாரா இல்லையா, வீட்டுக்காரர் வந்து என்ன சொல்லிவிட்டுப் போனார், எல்லாம் ஜெபத்தில்தான் தெரியும். ஆண்டவருக்கும் அந்த வாரத்தில் அந்த வீட்டைப் பற்றித் தெரியாதது எதுவும் மிச்சமிருந்திருக்காது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவள் பிடித்த பிடியில் நின்றாள். தன் முறை வந்ததும் அவர் தினமும் மகனுக்காக ஜெபம் பண்ணினார். "வழி தப்பிப்போன பிள்ளையின் கடின இருதயத்தை உடைத்து, அவனை உணர்த்தி, மனந்திரும்பப் பண்ணும்" என்று பிரசங்கத் தமிழில் அழகாகக் கேட்டார். முடிக்கும்போது எதிரே சத்தமே இருக்காது. அவள் ஆமென் சொல்ல மாட்டாள். கண்ணைத் திறந்து பாயைச் சுருட்ட ஆரம்பித்துவிடுவாள்.

இதுதான் அவரை அரித்தது. பேசாமல் இருந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டார். இருபத்தெட்டு வருடமாக அவருடைய ஒவ்வொரு ஜெபத்துக்கும் பின்னால் அந்தக் குரல் இருந்திருக்கிறது. வேலை போயிருந்த ஆறு மாதத்தில், பிள்ளை இல்லாத ஐந்து வருடத்தில், அவருக்கே நம்பிக்கை ஆட்டம் கண்ட நாட்களில்கூட அவள் சொன்ன ஆமென்தான் அவரைத் தாங்கியிருக்கிறது. கதவு சாத்தாத லிஃப்ட் மாதிரி இப்போது அவர் ஜெபம் ஏறாமல் அந்தத் தளத்திலேயே நின்றது. படுக்கையில் அதை நினைத்துக்கொண்டே புரண்டார். தான் கேட்டதில் என்ன தப்பு என்று அவருக்கு விளங்கவில்லை.

பன்னிரண்டாவது நாள் வியாழக்கிழமை. அவள் வழக்கம்போல ஆரம்பித்தாள். அன்று குரலில் குத்தல் இல்லை. அதுவே அவருக்குப் பயமாக இருந்தது.

"ஆண்டவரே, நாளை மறுநாள் காலைல பஸ் ஏறப்போற என் பிள்ளையை உம்முடைய கரத்துல ஒப்புக்கொடுக்கறேன். புது ஊரு, புதுக் கடை. முதலாளி அவனை நம்பி அனுப்பறார். ரெண்டு வருஷம் அங்கதான். அவனுக்குத் தலைவலி வந்தா வாய் திறந்து சொல்ல மாட்டான், ஆண்டவரே. அவங்க அப்பா மாதிரி. விளக்கை அணைச்சுட்டுச் சாப்பிடாமப் படுத்துக்குவான். என்னடா ஆச்சுன்னு கேக்க அங்க ஆளில்ல. நீர்தான் கேக்கணும்."

மகன் அவளோடு போனில் பேசிக்கொண்டுதான் இருக்கிறான் என்பதே மெக்கானிக்குக்கு இப்போதுதான் தெரிந்தது. எந்த ஊர்? ஏன் ரெண்டு வருஷம்? போவதற்கு முன்னால் வீட்டுக்கு வருவானா? கேட்கலாம் என்றால், அவள் பேசிக்கொண்டிருப்பது இவரிடம் இல்லையே. அவள் முடித்தாள். மகனின் முறைக்கென்று வழக்கம்போலக் கொஞ்ச நேரம் விட்டார்கள். பிறகு இவர் முறை.

"அன்பின் பரம பிதாவே, எல்லாம் அறிஞ்சவரே" என்று தொடங்கியவருக்குப் பிரசங்கத் தமிழ் அதற்கு மேல் வரவில்லை. "பிள்ளை எந்த ஊருக்குப் போறான்னு உமக்குத் தெரியும். இங்க ஒருத்தருக்குத் தெரியல." கொஞ்சம் நிறுத்திப் பார்த்தார். பதில் வரவில்லை. "எத்தனை மணி பஸ்ஸுங்கறதும் உமக்குத் தெரியும்." அதற்கும் பதில் இல்லை. வரவும் வராது. ஜெபத்தில் குறுக்கே பேசக் கூடாது என்று சட்டம் போட்டவரே அவர்தான். ஆமென் சொல்லி முடித்தார்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவளுடைய முறை இனி நாளை ஏழரை மணிக்குத்தான். இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய இருபத்து நாலு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் வெள்ளிக்கிழமை முடிந்துவிடும். அவள் எழுந்திருக்கத் தரையில் கையை ஊன்றினாள்.

"இன்னும் ஒரு வார்த்தை, ஆண்டவரே" என்றார் மெக்கானிக்.

இருபத்தெட்டு வருடத்தில் நடக்காத காரியம். அவள் அப்படியே உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"பஸ்ஸு எத்தனை மணிக்குன்னு யாராவது சொன்னா நல்லா இருக்கும், ஆண்டவரே."

"எனக்கும் ஒரு வார்த்தை, ஆண்டவரே" என்றாள் அவள். "எட்டு மணி. பன்னிரண்டு மணி நேரம் போகணும்."

"வீட்டுக்கு வந்துட்டுப் போவானா, ஆண்டவரே?"

"கூப்பிட்டா வருவான், ஆண்டவரே. கூப்பிட வேண்டியவங்க கூப்பிட்டா."

கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக் பேச ஆரம்பித்தபோது, அது ஜெபமா புலம்பலா என்று அவருக்கே தெரியவில்லை.

"ஆண்டவரே, நான் அவன்மேல கோபப்பட்டதா எல்லாரும் நினைக்கறாங்க. கோபம் இல்ல. வெக்கம். ஒரு வருஷமா பிள்ளை என் எதிர்ல உக்காந்து ஒப்பிச்சிருக்கான், எனக்குக் கேக்கல. எங்கேயோ ஒரு பேரிங் தேஞ்சா கேக்குது. பெத்த பிள்ளை குரல் மாறினது கேக்கல. அன்னைக்கு அவன் வீட்லயும் இருக்கக் கூடாதான்னு கேட்டான். இருடான்னு சொல்ல வாயைத் திறந்தேன், ஆண்டவரே. வரல. அவன் படி இறங்கறதை எண்ணிக்கிட்டே உக்காந்திருந்தேன். அம்பத்து நாலு படி. ஒவ்வொரு படிக்கும் எந்திரிக்கணும்னு நினைச்சேன். எந்திரிக்கல. அவன் இருதயம் கடினம்னு தினமும் உம்மகிட்ட கோள் சொன்னேன். கடினம் அவனுக்கு இல்ல. அவன் வேணும் எனக்கு. நம்பினாலும் நம்பாட்டியும் வேணும்."

"ஆமென்" என்றாள் அவள்.

அவர் கண்ணைத் திறந்தார். அவளும் திறந்திருந்தாள். கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, பன்னிரண்டு நாளுக்குப் பிறகு நேராக அவரைப் பார்த்துப் பேசினாள்.

"ஏங்க, இதையெல்லாம் எதுக்கு அவர்கிட்ட சொல்றீங்க? அவருக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதவன் மீன் கடையில உக்காந்திருக்கான்."

வெள்ளிக்கிழமை மதியம் ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டின் பிரேக்கைச் சரிபண்ணிவிட்டு, கையில் கிரீஸ் வாடையோடு அவர் மீன் கடைக்குப் போனார். அந்தத் தெருவில் பல முறை நடந்திருக்கிறாரே தவிர, உள்ளே போனதில்லை. இரண்டு பக்கமும் கண்ணாடித் தொட்டிகள். நீல வெளிச்சம். நூறு காற்றுக் குழாய்கள் ஒரே நேரத்தில் குமிழி விடுகிற சத்தம். தரை ஈரம். மகன் ஸ்டூலின் மேல் ஏறி நின்று, முழங்கை வரைக்கும் தொட்டிக்குள் விட்டு எதையோ தேய்த்துக்கொண்டிருந்தான். மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் சின்னத் தொட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு விலை கேட்கக் காத்திருந்தார்.

மகன் அவரைப் பார்த்தான். கையை வெளியே எடுக்க மறந்துபோனான்.

வழியெல்லாம் மெக்கானிக் வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார். எல்லாம் போயே போய்விட்டது. "மீனெல்லாம் நல்லா இருக்கா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்குப்பா."

"இது என்ன சாப்பிடும்?"

"அதுக்குன்னு தீனி இருக்குப்பா."

"ஓகோ" என்றார். அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை. அசடு வழிந்தது. "ரெண்டு குடு" என்றார்.

வீட்டில் தொட்டி இல்லை என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவன் வலையை எடுத்து இரண்டு ஆரஞ்சு மீன்களைப் பிடித்து, பிளாஸ்டிக் பையில் தண்ணீரோடு விட்டு, காற்றடைத்து, ரப்பர் வளையம் போட்டு அவர் கையில் கொடுத்தான். மெக்கானிக் அந்தப் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடை நடுவில் நின்றார். கடைசியில் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

"அன்பின் பரம பிதாவே" என்றார் சத்தமாக.

கண்ணாடிக்கார அம்மாள் திடுக்கிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று தானும் தலையைக் குனிந்துகொண்டார்.

"அன்பின் பரம பிதாவே, இந்தப் பிள்ளைகிட்ட நான் சொல்ல வேண்டியது..."

ஸ்டூலிலிருந்து இறங்குகிற சத்தம் கேட்டது. ஈரமான கை ஒன்று அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

"அப்பா, கண்ணைத் திறங்க. நான் இங்கதான் நிக்கறேன். என்கிட்டயே சொல்லுங்கப்பா."

அவர் திறந்தார். பிள்ளையின் முகம் ஒரு முழத் தூரத்தில் இருந்தது. மெலிந்திருந்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தலைவலியாக இருக்கும் என்று நினைத்தார். அந்த நினைப்பே அவர் வாயைத் திறந்துவிட்டது.

"அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டே. வீட்ல இருக்கக் கூடாதான்னு. பதில் சொல்லாம உக்காந்துட்டேன். அது என் தப்பு. இருக்கலாம்டா. எப்பவும் இருக்கலாம். அது உன் வீடு."

மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்பாவிடமிருந்து வந்த பழக்கம்தானே. பிறகு தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"ஒரு வருஷம் ஏன் நடிச்சேன் தெரியுமாப்பா? நீங்க எப்பப் பாத்தாலும், நீ ஜெபத்துல பொறந்த பிள்ளைம்பீங்க. எனக்கு நம்பிக்கை போனதும் பயமாயிடுச்சு. அதுவே இல்லைன்னா அப்புறம் நான் உங்களுக்கு யாருன்னு."

மெக்கானிக்குக்கு இதற்குப் பதில் சொல்ல யோசிக்க நேரம் தேவைப்படவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேள்வி முடிவதற்குள் பதில் வந்து நின்றது.

"டேய், அஞ்சு வருஷம் நானும் உங்கம்மாவும் முழங்கால் தேய நின்னு கேட்டோம். பிள்ளை வேணும்னு கேட்டோம். அவ்வளவுதான் கேட்டோம். எப்படிப்பட்ட பிள்ளைன்னு ஒரு நாள்கூடக் கேட்டதில்ல."

மகன் அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டான். மீன் பை இருவருக்கும் நடுவில் நசுங்காமல் இருக்க மெக்கானிக் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டார். சட்டை நனைந்தது. தொட்டித் தண்ணீரா, வேறா என்று அவர் பார்க்கவில்லை.

"ஆனா ஒண்ணு" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. பொய் சொல்லத் தெரியாத மனிதர். "நீ நம்பலைங்கறது எனக்கு இன்னும் வலிக்குது. அது சட்டுன்னு போகாது. உனக்காக ஜெபம் பண்றதையும் விட மாட்டேன். அதை நீ பொறுத்துக்கணும்."

"பண்ணுங்கப்பா. பண்ணாம விட்டாத்தான் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்."

"சாயந்திரம் வீட்டுக்கு வா. உங்கம்மா சமைச்சு வச்சிருப்பா."

"பேசறாங்களா உங்ககூட?"

"நேத்துதான் ஆரம்பிச்சிருக்கா."

கண்ணாடிக்கார அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இந்தத் தொட்டி என்ன விலை தம்பி என்று கேட்டார்.

மீன்களைப் பார்த்ததும் மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "வீட்ல வாய் திறக்காத ஜீவன் ஒண்ணு இருக்கறது போதாதுன்னு ரெண்டு வாங்கிட்டு வந்தீங்களா?" என்றாள். ஆனாலும் அரிசி போட்டு வைக்கிற பெரிய கண்ணாடி ஜாடியைக் காலிபண்ணிக் கழுவி அதில் விட்டாள். பன்னிரண்டு நாள் பாக்கியையும் அன்று மாலைக்குள் பேசித் தீர்த்துவிட்டாள். கிளினிக்கில் யாருக்கு எந்தப் பல் போயிற்று என்பது வரைக்கும் மெக்கானிக் ஒவ்வொன்றையும் அக்கறையாகக் கேட்டுக்கொண்டார்.

ஏழு மணிக்கு மகன் வந்தான். சாப்பிட்டார்கள். அவனுடைய பையை அம்மா திறந்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி மடித்து வைத்தாள். தலைவலி மாத்திரை எங்கே இருக்கிறது என்று ஒரு தடவைக்கு மூன்று தடவையாகக் காட்டினாள். ஏழரை ஆயிற்று.

மெக்கானிக் பாயை விரித்தார். மகன் சமையலறை வாசலிலேயே நின்றான். உள்ளே போய்விடலாமா என்று யோசிப்பது தெரிந்தது. மெக்கானிக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் பாயைத் தட்டினார்.

"வா. ஒண்ணும் சொல்ல வேண்டாம். எங்ககூடச் சும்மா உக்காரு. எந்திரிச்சுப் போகணும்னு தோணினா போகலாம்."

அவன் வந்து உட்கார்ந்தான். அம்மா ஜெபம் பண்ணினாள். பஸ் டிரைவரிலிருந்து புது ஊரின் தண்ணீர் வரைக்கும் ஒவ்வொன்றாக ஒப்புக்கொடுத்தாள். அவள் முடித்ததும் மெக்கானிக் ஆமென் என்றார். மகனின் முறை வந்தது. அவன் பேசவில்லை. மெக்கானிக் அவசரப்படுத்தவில்லை. ஒருவர் ஜெபம் பண்ண எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரத்தை அவனுக்கென்று விட்டுக்கொடுத்துவிட்டு, பிறகு தன் முறையை ஆரம்பித்தார்.

"அன்பின் பரம பிதாவே, இன்னைக்கு எங்க மூணு பேரையும் ஒரே பாயில உக்கார வச்சீரே, அதுக்காக ஸ்தோத்திரம். காலைல எங்க பிள்ளை..."

அந்த இடத்தில் அவரால் கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. காலையில் அவன் போய்விடுவான். இருக்கிற கொஞ்ச நேரத்தில் இருட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானேன் என்று தோன்றிவிட்டது. திறந்தார். மகன் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாகவோ. மெக்கானிக்குக்கு அடுத்த வார்த்தை மறந்துபோனது. அந்தச் சிறு மூக்கு அவருடையது. நெற்றி அவளுடையது. பார்த்துக்கொண்டே இருந்தார். அவனும் பார்வையை எடுக்கவில்லை.

வாக்கியம் பாதியில் நின்றது நின்றபடியே இருந்தது. எதிரே அம்மா கண்ணை மூடிக் கைகூப்பி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எப்படித் தெரிந்ததோ, இருபத்தெட்டு வருடச் சட்டத்தை மீறி, புருஷனின் ஜெபத்தில் குறுக்கே புகுந்தாள்.

"ஆண்டவரே, இங்க ரெண்டு பேர் கண்ணை மூடாம ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. மீதி ஜெபத்துக்கு இதையே வச்சுக்கும்."

"ஆமென்" என்றார் மெக்கானிக். அதற்கப்புறமும் அவர் கண்ணை மூடவில்லை.